காப்பகங்களுக்குக் கங்காணி போதாது!

எங்காவது ஒரு காப்பகத்தில் மனநோயாளி அடிபட்டார், கட்டிப் போடப்பட்டார், காணாமற் போனார் என்று செய்தி வெளிவந்துவிட்டால் போதும். அதிகார வர்க்கம் உடனே ஒரே மந்திரத்தை ஓத ஆரம்பித்துவிடுகிறது: "கண்காணிப்பைத் தீவிரப்படுத்துவோம்!" ஜீப்புகள் வருகின்றன. கதவுக்குச் சீல் வைக்கப்படுகிறது. சுவருக்கு ஒரு காமிரா, வாசலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் என்று உத்தரவு பறக்கிறது. பத்திரிகைகளில் படம் வருகிறது. அடுத்த மாதம் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கண்காணிப்பு என்றால் என்ன என்று நாம் கேட்கிறோம்.

கண்காணிப்பவனுக்குத்தான் நம் ஜனங்கள் கங்காணி என்று பெயர் வைத்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் நம்மவர்களைக் கூட்டிப் போனவன் கங்காணி. அங்கே அவர்கள் முதுகை நிமிர்த்தாமல் பார்த்துக் கொண்டவனும் கங்காணி. பண்ணையில் காரியக்காரர், மில்லில் மேஸ்திரி என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். எத்தனை முடி நாற்று நட்டாய், எத்தனை இழை அறுந்தது, எத்தனை நிமிஷம் வெளியே போனாய் என்று எண்ணுவது அவன் வேலை. செய்கிறவனுக்கு வேலை தெரியுமா, தெரியாவிட்டால் யார் சொல்லிக் கொடுப்பது, அவன் மனம் என்ன பாடு படுகிறது என்பதெல்லாம் அவன் கணக்கில் கிடையாது. இந்தக் கங்காணியைத்தான் மனநோய்க் காப்பகங்களுக்கு மருந்தாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அங்கே பணிபுரிகிறவர்களுக்கு மேற்பார்வை வேண்டும், கட்டாயம் வேண்டும் என்று நாமும்தான் சொல்கிறோம். ஆனால் நாம் கேட்பது கற்றுக் கொடுக்கிற மேற்பார்வை. சுமையைப் பங்கு போட்டுக் கொள்கிற மேற்பார்வை.

"மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன அக்கறை?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். அவர்கள் லால்பேட்டைப் பக்கம் ஒரு நடை வந்து போகட்டும். வீராணத்துப் பாசனத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள், வளைகுடா நாட்டில் கூலிக்கு இருக்கும் பிள்ளையின் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாய்மார்கள் - இவர்கள் வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் என்ன நடக்கிறது? முதலில் ஓதிப் பார்ப்பது, மந்திரிப்பது, தாயத்து. பிறகு தர்க்கா அல்லது கோயில். அதற்கும் பிறகுதான் காட்டுமன்னார்கோயில் ஆஸ்பத்திரி, சிதம்பரம் ஆஸ்பத்திரி. வைத்தியத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. சிதம்பரத்திலும் கடலூரிலும் சர்க்கார் வைத்தியம் கிடைக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை, கிடைக்கிறது. ஆனால் மாதக் கணக்கில் கூடவே ஆள் இருந்து பார்க்க வேண்டிய நோயாளியை என்ன செய்வது? தமிழ்நாடு முழுவதற்கும் சர்க்காரின் தனி மனநோய் மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் ஒன்றே ஒன்றுதான். அது 1794-ல் கும்பினியார் காலத்தில் ஆரம்பமானது. வீட்டிலே எல்லோரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்றால், நோயாளியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாயைப் பார்த்துக் கல் மனம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. கடைசியில், "அங்கே ஓர் இல்லம் இருக்கிறதாம், பார்த்துக் கொள்வார்களாம்" என்று யாரோ சொல்ல, கடன் வாங்கிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள்.

இது ஒரு பக்கம். மறு பக்கமும் உண்டு. அறுப்பு மெஷின் வந்து வேலை நாள் குறைந்த பிறகு, அதே இல்லங்களுக்கு ஆயாவாகவும் காவலாகவும் சமையலாகவும் போகிறவர்கள் யார்? நம் சேரிப் பெண்கள், நம் கூலி வீட்டுப் பிள்ளைகள். ஆக, உள்ளே படுத்திருப்பவரும் நம் வீட்டார். அவருக்குச் சோறு ஊட்டி, மலம் அள்ளி, இரவெல்லாம் விழித்திருப்பவரும் நம் வீட்டார்.

2001 ஆகஸ்ட் 6-ந் தேதியை நினைவுபடுத்திக் கொள்வோம். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி. தர்க்காவை நம்பி வந்த குடும்பங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில், பொழுது விடியும் முன்னே கூரைக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. ஒரு வாரத்தில் அந்த மாதிரி விடுதிகள் இழுத்து மூடப்பட்டன. 500-க்கு மேற்பட்டவர்கள் சர்க்கார் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். சுப்ரீம் கோர்ட் தானாகவே விஷயத்தைக் கையில் எடுத்தது. விடுதி நடத்தியவர்களுக்குப் பின்னால் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

எல்லாம் சரி. ஆனால் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்கிற சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டதுதானே! சட்டம் இருந்தது. சட்டத்தை நடத்த அதிகாரிகள் இருந்தார்கள். "இவர்களை எதற்காகக் கட்டுகிறோம்? கட்டாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி?" என்று அந்தக் கொட்டகையில் வேலை செய்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு மனிதன் இல்லை. கேட்க அவனுக்கு ஓர் இடமும் இல்லை.

இருபத்தோரு வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், நம் பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்குள்ளேயே, விழுப்புரம் பக்கம் குண்டலப்புலியூரில் அன்புஜோதி ஆசிரமம் என்ற இல்லத்தின் கதை வெளியே வந்தது. அதுவும் எப்படி வந்தது? கண்காணிப்பினாலா? இல்லை! அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று ஆட்கொணர்வு மனு ஹைகோர்ட்டுக்குப் போன பிறகுதான் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். முறையான லைசென்ஸ் இல்லை. அடித்தார்கள், கட்டி வைத்தார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள் என்றெல்லாம் புகார்கள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போயிற்று. யார் மேல் எந்தக் குற்றம் என்று முடிவு கட்டுவது கோர்ட்டின் வேலை. நாம் கேட்பது இதுதான்: பல வருஷம் நடந்த ஓர் இல்லத்தில், தினமும் உள்ளே போய் வந்த பணியாளர்களில் ஒருவர்கூட வாய் திறக்க முடியாமல் போனது ஏன்?

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018-ல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம். அதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது அதன் 95-வது பிரிவு. நோயாளி தனக்கோ பிறருக்கோ உடனே தீங்கு செய்துகொள்ளும் நிலையில், வேறு வழியே இல்லாதபோதுதான், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவைக்கு ஒரு நிமிஷமும் மேற்படாமல் கட்டுப்படுத்தலாம் என்கிறது 97-வது பிரிவு. ஏன் கட்டினோம், எப்படிக் கட்டினோம், எவ்வளவு நேரம் என்பதை உடனே எழுதி வைக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. இன்னும் ஒரு வரி இருக்கிறது; மில் தொழிலாளிகள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்: ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாக வைத்து நோயாளியைக் கட்டக் கூடாது!

நல்ல வரி. பொன்னெழுத்தில் பொறிக்கலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, நாற்பது பேருக்கு இரண்டு ஆயா என்று நிறுத்தியிருக்கும் முதலாளியிடம் இந்த வரியை யார் படித்துக் காட்டுவது? மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் தணிக்கை நடக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். மூன்று வருஷம் என்றால் ஆயிரத்துக்கு மேல் இரவுகள். தணிக்கைக்கு வருகிற பெரியவர் பகலில் வருகிறார், கக்கூஸைப் பார்க்கிறார், கட்டிலை எண்ணுகிறார், ரிஜிஸ்தரைப் புரட்டுகிறார். ஆயிரம் இரவுகளில் நடந்தது ரிஜிஸ்தரில் எப்படி ஏறும்?

லால்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூரைச் சேர்ந்த விவசாயக் கூலிப் பெண் ஒருவர் நம்மிடம் சொன்னதை இங்கே எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம்; வேலை செய்த இடத்தையும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். நடவு வேலை குறைந்த பிறகு ஓர் இல்லத்தில் ராத்திரி ஆயாவாகச் சேர்ந்தார். பன்னிரண்டு மணி நேர வேலை. சேர்ந்த அன்றைக்கே ராத்திரிப் பொறுப்பு. "துணிய மாத்து, மாத்திரைய முழுங்க வை, முழுங்கினாளான்னு வாயத் திறந்து பாரு" - பயிற்சி அவ்வளவுதான். மூன்றாம் வாரம் ஒரு பெண் அலுமினியத் தட்டால் இவர் நெற்றியில் அடித்துவிட்டாள். இரத்தம் வடிந்தது. காலையில் மானேஜர் வந்தார். நெற்றியை அவர் பார்க்கவில்லை. "ஏன் கட்டிப் போடல?" என்று கேட்டார். அவ்வளவோடு சரி. அடுத்த வாரம் அந்தப் பெண்ணை அல்ல, ஒரு பாவமும் அறியாத வேறொரு கிழவியை, சோற்றைத் துப்பினாள் என்று இவர் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

"அடிச்சிட்டேங்க தோழர்," என்றார் நம்மிடம். "எங்க அம்மா வயசு அந்தக் கெழவிக்கு. யார்கிட்ட சொல்றது? சொன்னா வேல போயிடும். சொல்லலன்னா தூக்கம் வரல." இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் நடவுக்கு வந்துவிட்டார்.

அடித்த கைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அறை வாங்கிய கிழவிக்கு அது யார் கையாக இருந்தால் என்ன? ஆனால் அந்த ஆயாவைப் பிடித்து ஜெயிலில் போட்டால் அடுத்த ஆயா அடிக்க மாட்டாள் என்று நம்புகிறவன் முட்டாள், அல்லது காப்பக முதலாளியின் கையாள். அடுத்தவளும் முதல் நாளே தனியாக நிறுத்தப்படுவாள். அவள் நெற்றியையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

புதுக் காளையை எந்த விவசாயியாவது தனியாக ஏரில் பூட்டுவானா? பழகிய மாட்டோடு சேர்த்துத்தான் பூட்டுவான். மில்லில் புதிதாக வந்தவனை முதல் நாளே தனி மெஷினில் நிறுத்தினால் தொழிலாளிகள் சும்மா இருப்பார்களா? நூல் அறுந்தால் ஒட்டிக் கொள்ளலாம். மனிதன் அறுந்தால்?

சரியான மேற்பார்வை எப்படி இருக்கும் என்று கேட்டால் நாம் சொல்லத் தயார். இது ஆகாயத்தில் கட்டுகிற கோட்டையல்ல. வாரம் ஒரு தரம், வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, ஒரு மணி நேரம். ஆயா, நர்ஸ், சமையல்காரர், காவலாளி, மருத்துவர் எல்லோரும் ஒரே வட்டமாக உட்கார வேண்டும். நடத்துகிறவர் இந்த வேலையில் பயின்றவராக இருக்க வேண்டும். அவர்களுடைய சம்பளத்திலும் சீட்டுக் கிழிப்பதிலும் அவருக்குக் கை இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் யார் வாய் திறப்பார்கள்? அந்த வாரம் யாருக்கு யார்மேல் கோபம் வந்தது, எந்த நோயாளியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, யாரை எல்லோரும் மறந்தே போனோம் என்று பேச வேண்டும். மிரண்டு நிற்கிறவரிடம் எவ்வளவு தூரத்தில் நிற்பது, எந்தக் குரலில் பேசுவது, எப்போது விலகுவது, எப்போது ஆள் கூப்பிடுவது என்று பழகியவர் பழகாதவருக்குக் காட்ட வேண்டும். இந்த மாத்திரை ஏன், இது கொடுத்தால் கை ஏன் நடுங்குகிறது என்று மருத்துவர் ஆயாவுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். அடிதடி நடந்தால் மறுநாளே உட்கார வேண்டும்.

"இதெல்லாம் வீண் அரட்டை, நேர விரயம்" என்று நிர்வாகிகள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு 1954-ல் வெளிவந்த ஒரு புத்தகத்தைக் காட்டுகிறோம். அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாண்டன் என்ற மருத்துவரும் ஷ்வார்ட்ஸ் என்ற சமூகவியல் ஆராய்ச்சியாளரும் ஒரு வார்டையே உட்கார்ந்து கவனித்து எழுதியது அது. (அமெரிக்காவிடமிருந்து நாம் பாடம் படிப்பதா என்று சிரிக்கும் தோழர்கள் சிரிக்கட்டும், உண்மை எங்கிருந்து வந்தாலும் உண்மைதான்.) அவர்கள் கண்டது இது: ஒரு நோயாளி திடீரென்று அடங்காமல் கொந்தளித்தால், அநேகமாக அவரைப் பற்றிப் பணியாளர்களில் இரண்டு பேருக்குள் வெளியே சொல்லாத சண்டை ஒன்று ஓடிக் கொண்டிருந்தது. ஒருவர் இடம் கொடுப்பார், மற்றவர் கண்டிப்பார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்த இரண்டு பேரையும் உட்கார்த்திப் பேச வைத்த பிறகு நோயாளியின் கொந்தளிப்பு அடங்கியது. நோயாளிக்கு ஊசி போட்டு அடக்க வேண்டிய கொந்தளிப்பில் ஒரு பங்கு பணியாளர் கூட்டத்தின் மனத்தாங்கலிலிருந்து வருகிறது என்றால், வாரம் ஒரு மணி நேரப் பேச்சு வீண் அரட்டையா, வைத்தியமா?

இத்தாலியில் 1961-ல் கொரீசியா என்ற எல்லைப்புற ஊரின் மனநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பாளராக வந்தார் பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர். முந்தின இரவு கட்டிப் போடப்பட்டவர்களின் பட்டியலைத் தலைமை நர்ஸ் கொண்டுவந்து நீட்டினார். வழக்கம் போல் கையெழுத்து வேண்டும். பசாலியா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கதையை இதோடு நிறுத்திக் கைதட்டுகிறவர்கள் பலர். நமக்கு முக்கியம் அதற்கு அப்புறம் நடந்தது. கையெழுத்து மறுத்துவிட்டு அவர் நர்ஸுகளைக் கைகழுவிவிடவில்லை. கட்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று தினமும் கூட்டம் போட்டார். நோயாளியும் நர்ஸும் மருத்துவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு பணியாளர்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள். பின்னர் 1971-ல் அவர் திரியேஸ்தே நகரத்துக்குப் போனார். சுமார் 1,200 நோயாளிகள் அடைபட்டிருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கதவுகள் திறந்தன. 1978-ல் இத்தாலி முழுவதற்கும் சட்டம் வந்தது.

"அது பணக்கார நாடு" என்பார்கள். பஞ்சாபுக்குப் போவோம். தேசப் பிரிவினைக்குப் பின் லாகூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோயாளிகளை அமிர்தசரஸில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாமல், இடம் இல்லாமல் தவித்தார் டாக்டர் வித்யாசாகர். ஆள் பற்றாக்குறைக்கு அவர் சங்கிலி வாங்கவில்லை. கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கச் சொன்னார். அவர்களோடு உட்கார்ந்து பேசி, எப்படிப் பார்த்துக் கொள்வதென்று கற்றுக் கொடுத்தார். நம் வேலூரிலேயே சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் 1950-களின் கடைசியிலிருந்து உறவினர் உடன் தங்கும் முறை நடக்கிறது. பஞ்சத்திலும் கற்றுக் கொடுக்க முடியும். மனம் இருக்க வேண்டும்.

காமிரா பற்றியும் ஒரு வார்த்தை. காமிரா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குற்றம் நடந்தால் சாட்சிக்கு ஆகும். ஆனால் காமிரா ஆயாவுக்கு ஒரு யோசனை சொல்லுமா? நெற்றிக் காயத்துக்குக் கட்டுப் போடுமா? காமிரா இல்லாத குளியலறை எது என்று ஒரே வாரத்தில் எல்லோரும் கற்றுக் கொள்வார்கள், அவ்வளவுதான்.

இனி நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கசப்பாக இருந்தாலும் சொல்வோம். தொழிலாளியைத் தொழிலாளி காட்டிக் கொடுக்கக் கூடாது என்பது நம் ரத்தத்தில் ஊறியது. மேஸ்திரியிடம் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பது சரியே. ஆனால் மனநோய் வார்டில் இந்த நல்ல குணம் திரும்பிப் பாய்கிறது. சக ஊழியன் நோயாளியை அடித்ததைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளு, விட்டுடு" என்று வாய் மூடுவது ஒற்றுமையல்ல. அங்கே முதலாளி யாரும் அடிபடவில்லை. அடிபடுகிறவன் பேச்சை யாரும் நம்பாத, ஓட்டும் உறவும் இழந்து கிடக்கிற ஏழை. அவனுக்கு எதிராக ஒன்று சேர்வதற்குச் சங்கம் எதற்கு? காப்பகப் பணியாளர்களுக்குச் சங்கம் வேண்டும் என்பதில் நாம் உறுதியாக இருக்கிறோம். ஆள் எண்ணிக்கைக்கும் கூலிக்கும் ராத்திரி ஓய்வுக்கும் போராட வேண்டும். கூடவே, அடித்தவனை முதல் ஆளாகக் கூப்பிட்டு, "என்ன நடந்தது, சொல்" என்று கேட்பதும் சங்கத்தின் வேலைதான். ஊழியர் கூட்டத்தில் அந்தக் கேள்வி எழுந்து, பதில் வந்து, திருந்த வழி சொல்லப்பட்டால் அநேகம் விஷயங்கள் போலீஸ் வரை போக வேண்டி இராது. போக வேண்டியவை போகட்டும், தடுக்க வேண்டாம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. பதிவு கொடுக்கும்போது படுக்கையையும் கக்கூஸையும் எண்ணுகிற மாநில மனநல ஆணையம், ராத்திரிப் பணியில் எத்தனை பேர், அவர்களுக்கு வாராந்திரக் கூட்டம் உண்டா, நடத்துகிறவர் யார் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரை முதல் மாதத்தில் ராத்திரி தனியாக நிறுத்தக் கூடாது. தனியார் இல்லங்களுக்கு மாதம் ஒரு நாளாவது ஜில்லா மனநலத் திட்டத்தார் போய், நோயாளிகளைப் பார்ப்பதோடு பணியாளர்களையும் உட்கார்த்திப் பேச வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்தக்காரன் மூலம் வருகிற உதவியாளர்களையும் துப்புரவுத் தொழிலாளிகளையும் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தக் கூடாது. நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

காப்பகத்தில் உறவினரை விட்டு வைத்திருக்கும் தோழர்கள், அடுத்த முறை பார்க்கப் போகும்போது பிஸ்கெட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கட்டிலையும் சோற்றையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். ராத்திரி யார் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒருவர், அவர்கள் கடைசியாக எப்போது கூடி உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். கட்டியதற்கான குறிப்பை எங்கே எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். ஆயாவிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால், நோயாளியின் பேரிலோ அவர் நியமித்த பிரதிநிதியின் பேரிலோ மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதலாம், கலெக்டருக்கும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நம் கிளைத் தோழர்கள் இருக்கிறார்கள். ஒரு நகலை நமக்கும் அனுப்பி வையுங்கள்.